கண்புரை ரண சிகிச்சைக்கு ஆயத்தம் செய்தல்
ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

1. பாடத்தின் நோக்கம்

கிராமத்தில் ஒருவருக்குப் பார்வை கெடுவது அவர் ஒருவருடைய கஷ்டம் மாத்திரம் அன்று. மேலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே 65 பிராயமுள்ள ஒரு மூதாட்டிக்கு இரு கண்களிலும் புரை வளர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அவள் ஆடு மேய்த்தாள், நெல் புடைத்தாள், மகனும் மருமகளும் வயலுக்குப் போனால் அடுப்பையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டாள். இப்பொழுது வாசற்படி இறங்கவும் அவளுக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையைக் கொடுப்பவள் பெரும்பாலும் அவளுடைய பேத்தி. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய சிறுமி, "அப்பத்தாவுக்குத் துணை" என்று வீட்டில் நிறுத்தப்படுகிறாள். ஒருத்தியின் கண் கெட்டது. இருவருடைய காலம் வீணாகிறது.

இக்குறையைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். ரண சிகிச்சைக்குப் பிடிக்கும் நேரம் அரைமணிக்கும் குறைவு. ஆயினும் அந்த மூதாட்டி மாதக்கணக்காக, சில சமயங்களில் வருஷக்கணக்காக, வீட்டிலேயே காத்திருக்கிறாள். சிகிச்சை மேஜையை விட வீட்டுத் திண்ணையிலேதான் கண்கள் அதிகமாக இழக்கப்படுகின்றன. ஆகவே நோயாளியையும் குடும்பத்தாரையும் வைத்தியசாலைக்கு ஆயத்தம் செய்வது சிகிச்சையின் முதற் பாதி என்று கொள்ளவேண்டும். அந்த முதற் பாதி கிராமத்தாரின் கையில் இருக்கிறது.

2. புரை என்பது யாது?

கண்ணின் கருவிழிக்குப் பின்னால் தெளிந்த சிறு வில்லை ஒன்று இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாகவே உட்புறம் சென்று உருவத்தைக் காட்டுகிறது. முட்டையின் வெண்கரு பச்சையாக இருக்கையில் தெளிவாக இருந்து, வெந்தபின் வெளுத்துப் போகிறது. அதுபோலவே முதுமையால் இந்த வில்லை மங்கிப்போகிறது. சர்க்கரை வியாதி, கண்ணில் பட்ட அடி முதலியவற்றாலும் இவ்வாறு நேரும். இதுவே புரை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது: புரை கண்ணின் மேலே படர்ந்த தோல் அன்று, கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லையின் மாறுதல். ஆகையால் மேலே எதை ஊற்றினாலும் அது கரையாது. பச்சிலைச் சாறு, தாய்ப்பால், தேன் முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கத்தால் கருவிழியில் புண் உண்டாகி, புரை எடுத்திருந்தால் மீண்டிருக்கக்கூடிய பார்வையும் போய்விடக் கூடும். இரண்டாவது: வெந்த வெண்கரு மறுபடி தெளியாதது போல, மங்கிய வில்லையும் தானாகத் தெளியாது. அதை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் செயற்கை வில்லை ஒன்றை வைப்பதே வழி.

"புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருப்பது பழங்காலத்து வழக்கம். அக்காலத்து ரண சிகிச்சை முறைக்கு அது பொருந்தியிருந்தது; இக்காலத்து முறைக்கு அவசியமில்லை. அளவுக்கு மீறி முற்றிய புரை சில சமயம் கண்ணுக்குள் பருத்து, உள் அழுத்தத்தை உயர்த்தி, கடும் வலியையும் மீளாத பார்வை இழப்பையும் உண்டாக்கும். அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும் பொழுதே வைத்தியரிடம் காட்டுவது முறை.

3. மதுரையின் அனுபவம்

இவ்விஷயத்தில் மதுரை ஜில்லாவார் தூரதேசத்து உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918-ம் வருஷம் எட்டையபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் கிராமத்தில் பிறந்தவர். ராணுவ வைத்தியப் பிரிவில் வேலை பார்த்தபோது கடுமையான வாத நோயால் அவருடைய விரல்கள் முறுக்கிக்கொண்டன. அவ்விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் லட்சத்துக்கு மேற்பட்ட கண் ரண சிகிச்சைகளைச் செய்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோதே கிராமங்களில் கண் முகாம்களை நடத்தினார். 58-ம் வயதில் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றதும், 1976-ம் வருஷம் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையை ஆரம்பித்தார். அவர் 2006-ல் காலமானார். அந்த ஸ்தாபனம் பின்னர் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி முதலிய ஊர்களிலும் கிளைத்து, இன்று வருஷந்தோறும் பல லட்சம் பேருக்குக் கண் ரண சிகிச்சை செய்கிறது. பணம் கொடுக்கக்கூடியவர்கள் கொடுக்கும் கட்டணத்திலிருந்தே ஏழைகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ சிகிச்சை நடைபெறுகிறது.

கண்ணுக்குள் வைக்கும் வில்லை ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்தே வந்தது. ஒன்றின் விலை 100 டாலருக்கும் மேல். 1992-ல் மதுரையில் ஏற்பட்ட ஆரோலாப் என்னும் தொழிற்சாலை அதை இங்கேயே செய்யத் தொடங்கி, விலையைச் சுமார் 10 டாலர் அளவுக்கு இறக்கியது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரேவிதமாகக் கண்ணுக்குள் வில்லை வைப்பது இதனால் சாத்தியமாயிற்று.

அந்த வைத்தியசாலையின் அனுபவத்தில் கூட்டுறவாளர் கவனிக்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. ரண சிகிச்சை இலவசம் என்று அறிவித்த மாத்திரத்தில் ஜனங்கள் வந்துவிடவில்லை. பஸ் சத்தம், சாப்பாட்டுச் செலவு, இழந்த கூலி ஆகியவை ஏழைக்குப் பெரிய பாரம் என்பது தெரியவந்தது. அதன்பின் முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை வைத்தியசாலை பஸ்ஸிலேயே அழைத்துச் சென்று, உணவும் இடமும் கொடுத்து, மீண்டும் கிராமத்தில் கொண்டு விடும் ஏற்பாடு உண்டாயிற்று. அவ்வளவு செய்தும் எல்லோரும் வரவில்லை. தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றி 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கண்ணில் குறையுள்ளவர்களுள் 100-க்குச் சுமார் 7 பேரே முகாமுக்கு வந்தவர்கள் என்று காணப்பட்டது. வாசலுக்கு அருகே வைத்தியர் வந்தும் எஞ்சியவர்கள் ஏன் வரவில்லை என்பதே இப்பாடத்தின் முக்கியக் கேள்வி.

4. தடைகளும் அவற்றிற்கு விடைகளும்

மேலே சொன்ன மூதாட்டியின் வீட்டுக்குச் சங்க அங்கத்தினர் ஒருவர் சென்றால், அநேகமாகப் பின்வரும் விடைகளே கிடைக்கும்.

"கண்ணைத் தோண்டி வெளியே எடுத்து வைப்பார்களாமே?" இது வீண் வதந்தி. கண் தன் இடத்தை விட்டு அசைவதே இல்லை. சிறு துவாரத்தின் வழியாக மங்கிய வில்லை மாத்திரம் எடுக்கப்படுகிறது.

"எங்கள் பாட்டனார் எட்டு நாள் மல்லாந்து கிடந்தார்." இது பொய் அன்று. பழைய முறையில் நோயாளி கண்களைக் கட்டிக்கொண்டு பல நாள் அசையாமல் கிடக்க நேர்ந்தது. பின்னும் தடித்த கண்ணாடியின்றிப் பார்க்க முடியவில்லை. இப்பொழுது கண் மரத்துப்போக மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்கிறார்கள். நோயாளி அன்றே எழுந்து நடக்கலாம். பழைய நினைவைப் பரிகசிக்காமல், இடையில் ஏற்பட்ட மாறுதலை எடுத்துச் சொல்வதே தக்க முறை.

"அறுப்பு முடியட்டும், சித்திரைத் திருவிழா போகட்டும், கோடையில் கண்ணில் கத்தி வைக்கலாகாது." ரண சிகிச்சைக்கு விலக்கான பருவம் எதுவும் இல்லை. வீட்டு வேலையை உத்தேசித்து ஒரு நாளைக் குறிப்பது நியாயமே. அந்த நாளைக் குறிக்காமலே தள்ளிப்போடுவதுதான் தவறு.

"அழைத்துப் போக ஆள் இல்லை." பெரும்பாலான வீடுகளில் உண்மையான தடை இதுவே. பசு கறக்க வேண்டும். பால் சங்கத்தில் ஊற்ற வேண்டும். கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. இத்தடைக்கு உபதேசம் மருந்தாகாது, உதவியே மருந்து. அதைப் பற்றிப் பின்னே கூறப்படும்.

"இனி எத்தனை நாள் இருக்கப் போகிறேன்? எனக்கு எதற்கு இந்தச் செலவு?" இவ்வார்த்தை கிழவியின் வாயிலிருந்து வந்தாலும், வீட்டாரின் மௌனத்திலிருந்தே பிறக்கிறது. இதற்கு மகன்தான் விடை சொல்லவேண்டும். "ஆத்தா, நீ பார்வையோடு வந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்" என்று அவன் ஒரு சொல் சொன்னால், அது பத்துப் பிரசங்கங்களை விட மேலானது. ஆகையால் வீட்டுக்குச் செல்பவர் கிழவியிடம் மாத்திரம் பேசித் திரும்பாமல், செலவையும் வேலையையும் நிர்ணயிக்கும் மகன், மருமகள் ஆகியோருடனும் உட்கார்ந்து பேசவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: போனவுடன் பார்வை வந்துவிடும் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்கலாகாது. கண் அழுத்த நோயாலும், சர்க்கரை வியாதியால் உள்விழித் திரை கெடுவதாலும், கருவிழித் தழும்பாலும் பார்வை குறையும். எது புரை, எது வேறு என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. பரீட்சைக்கு அழைத்துச் செல்வதே அங்கத்தினரின் வேலை. மிகையாகச் சொன்ன ஒரு வாக்குப் பொய்த்தால், அந்தக் கிராமத்தில் பத்துப் பேர் பின்வாங்குவார்கள்.

5. புறப்படுமுன் செய்யவேண்டியவை

முகாமிலோ வைத்தியசாலையிலோ முதலில் பார்வையின் அளவும், பின்பு கண் அழுத்தமும், கண்ணீர்ப் பாதையும் சோதிக்கப்படுகின்றன. ரத்தக் கொதிப்பும் ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. இவற்றில் குறை இருந்தால் ரண சிகிச்சையை ஒத்திவைப்பார்கள். இதை "வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள்" என்று குடும்பத்தார் எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது பிழை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் கொதிப்பையும் அடக்கிக்கொண்டு மறுபடி செல்லவேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆயத்தத்திற்குரிய காரியங்கள் வருமாறு:

(அ) முன்பு வாங்கிய மருந்துச் சீட்டுகளையும், தினந்தோறும் உண்ணும் மாத்திரைகளையும் உறையுடன் ஒரு பையில் வைத்துக்கொள்ளுதல். மாத்திரையின் பெயர் தெரியாவிட்டாலும் உறையைக் கண்டு வைத்தியர் அறிந்துகொள்வார்.

(ஆ) சர்க்கரை, கொதிப்பு இவற்றிற்குரிய மருந்தையோ, ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்தையோ தாமாகவே நிறுத்தாதிருத்தல். பட்டினி கிடக்க வேண்டுமா என்பதையும் வைத்தியசாலையிலேயே கேட்டறிதல். மயக்க மருந்து கொடுக்கும் வேறு ரண சிகிச்சைகளுக்கு வெறும் வயிறு கட்டாயம். கண் மாத்திரம் மரத்துப்போகச் செய்யும் சிகிச்சைக்கு விதி வேறு. சர்க்கரை வியாதியஸ்தர் வீணாகப் பட்டினி கிடந்தால் மயங்கி விழக் கூடும்.

(இ) காய்ச்சல், இருமல், சொத்தைப் பல்லில் சீழ், கண்ணில் பீளை, உடம்பில் ஆறாத புண் இவை இருந்தால் மறைக்காமல் சொல்லுதல். மறைத்த சீழ் கண்ணுக்குள் நஞ்சாக மாறலாம். மருந்து ஏதேனும் முன்பு ஒவ்வாமற் போயிருந்தால் அதையும் சொல்லுதல்.

(ஈ) முந்திய நாளே தலை முழுகுதல். சிகிச்சை நாளன்று முகத்தைச் சோப்பால் கழுவி, எண்ணெய், மை, விபூதி, குங்குமம் இவையின்றிச் செல்லுதல். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுதல். மூக்குத்தியைக் கழற்றத் தயங்கும் பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால், அங்கே சென்றபின் மனவருத்தம் உண்டாகாது.

(உ) ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, மாற்றுத்துணி இரண்டு, கிராமத்தில் ஒருவருடைய டெலிபோன் நம்பர் எழுதிய காகிதம் இவற்றைப் பையில் வைத்தல். துணைக்கு ஒருவர் வேண்டுமா, எத்தனை நாள் தங்கவேண்டும், எதற்குக் கட்டணம், எது இலவசம் என்பவற்றை முகாம் நடத்துவோரிடம் முன்பே விசாரித்துக்கொள்ளுதல்.

6. வைத்தியசாலையில் நடப்பவை

நடக்கப்போவது தெரிந்தவனுக்குப் பயம் பாதியாகிறது. ஆகையால் நோயாளிக்கு முறையாகச் சொல்லவேண்டியது இது. போனதும், உள்ளே வைக்கவேண்டிய வில்லையின் அளவைத் தீர்மானிக்கக் கண்ணை அளப்பார்கள். எந்தக் கண்ணுக்குச் சிகிச்சை என்று அடையாளம் இடுவார்கள். பாவை விரிவதற்காகச் சொட்டு மருந்து விடுவார்கள், அப்பொழுது கண் கூசும், மங்கும், அஞ்ச வேண்டுவதில்லை. பின்பு கண்ணைச் சுற்றி ஊசி போடுவார்கள், அல்லது சொட்டு மருந்தால் மரக்கச் செய்வார்கள். நோயாளி விழித்திருப்பார், பேச்சுக் குரல் கேட்கும், முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள். தலையை அசைக்கலாகாது. இருமல் வந்தால் முன்னதாகச் சொல்லவேண்டும். இரு கண்களிலும் புரை இருந்தாலும் பொதுவாக ஒரு கண்ணுக்கே முதலில் சிகிச்சை நடக்கும், மற்றது பின்னர்.

மதுரை வைத்தியசாலையில் இவற்றை எடுத்துச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். இவர்களிற் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்களே. சந்தேகத்தை அவர்களிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

7. வீடு திரும்பிய பின்

நல்ல சிகிச்சையும் வீட்டுக் கவலையீனத்தால் கெடக் கூடும். சொட்டு மருந்தைச் சில வாரங்கள் சொன்ன அளவில், சொன்ன வேளையில் விடவேண்டும். கண் தெரிகிறது என்று இடையில் நிறுத்தலாகாது. மருந்து விடுபவர் சோப்பால் கை கழுவவேண்டும். சீசாவின் நுனி கண்ணிலோ இமையிலோ படலாகாது. வீட்டில் ஒருவரை, கூடுமானால் அந்தப் பேத்தியையே, மருந்து வேளைக்குப் பொறுப்பாக்குவது நல்லது.

கண்ணைத் தேய்த்தல், தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தல், விறகுப் புகையில் குனிந்து ஊதுதல், தண்ணீர்க் குடமோ புல்லுக்கட்டோ தூக்குதல் இவற்றை வைத்தியர் அனுமதிக்கும் வரை விலக்கவேண்டும். உணவில் தனிப் பத்தியம் கிடையாது. வழக்கமாக உண்ணும் சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன் எல்லாம் உண்ணலாம். சர்க்கரை வியாதியஸ்தர் மாத்திரம் தமக்குரிய உணவு முறையைக் காக்கவேண்டும்.

வலி அதிகரித்தல், கண் மேலும் சிவத்தல், சீழ் வடிதல், வந்த பார்வை குறைதல் ஆகிய நான்கில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். "திரும்பப் பார்க்கும் நாள் வரட்டும்" என்று ஒரு வாரம் காத்திருந்தால் கண்ணையே இழக்க நேரிடலாம். இந்த நான்கு குறிகளையும் சங்கக் கட்டிடத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது மிகவும் பயன்படும். குறை எதுவும் இல்லாவிட்டாலும், குறித்த நாளில் மறு பரீட்சைக்குப் போகவேண்டும். கண்ணாடி தேவையானால் அப்பொழுதே அளவு தீர்மானிக்கப்படும்.

8. சங்கத்தின் கடமை

முகாமுக்கு ஒரு மாதம் முன்னதாகவே அங்கத்தினர் இருவர் வீடுவீடாகச் சென்று, 20 அடி தூரத்தில் நின்று காட்டும் விரல்களை, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி, எண்ணச் சொல்லலாம். எண்ண முடியாதவர்களின் பெயரையும், பார்வை மங்கலென்று சொல்பவர்களின் பெயரையும் பட்டியலில் சேர்க்கலாம். தமுக்கு அடிப்பதாலும் நோட்டீஸ் ஒட்டுவதாலும் மட்டும் பயன் அதிகம் இல்லை. கண் தெரியாதவர் நோட்டீஸைப் படிப்பதெப்படி? அதே ஊரில் முன்பு சிகிச்சை பெற்றுப் பார்வை அடைந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது சிறந்த பிரசாரம்.

இரண்டாவதாக, வேலைப் பரிமாற்றம். வயலில் நடவுக்கு ஒருவர்க்கொருவர் ஆள் விடுவது கிராமத்தில் பழைய வழக்கம். அதையே நோயாளியின் வீட்டுக்கும் விரிக்கலாம். மூன்று நாளைக்கு ஒருவர் மாடு கறந்து பால் ஊற்றுவார். ஒருவர் ஆடுகளைச் சேர்த்து ஓட்டுவார். ஒருவர் குழந்தைகளுக்குச் சோறு போடுவார். இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு காகிதத்தில் பெயர் எழுதி முறை வைத்தால் போதும்.

மூன்றாவதாக, பணம். இலவச ஏற்பாட்டில் செல்ல இயலாதவர்க்கும், வேறு நோய்களுக்காக மதுரை அரசினர் ராஜாஜி வைத்தியசாலை முதலிய இடங்களுக்குச் செல்வோர்க்கும் திடீர்ச் செலவு நேர்வதுண்டு. தகுதியுள்ள குடும்பங்கள் 2012-ல் ஏற்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை நோய் வருமுன்பே பெற்றிருக்கும்படி காரியதரிசி கவனிக்கவேண்டும். வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அதிகாரியிடம் அலைவது, நோயாளி படுக்கையில் கிடக்கும் நாளில் செய்யத்தக்க வேலை அன்று. உபவிதிகள் இடம் தருமளவில் பொது நன்மை நிதியிலிருந்து வழிச்செலவுக்கு உதவலாம். அவசரத்துக்குக் கந்துவட்டி வாங்கிக் கண்ணை மீட்டு நிலத்தை இழப்பதைத் தடுப்பது, சங்கம் ஏற்பட்ட நோக்கத்தையே நிறைவேற்றுவதாகும்.

இவ்வளவும் நடந்தால், மேலூர்ப் பக்கத்து மூதாட்டி மூன்று நாளில் வீடு திரும்புவாள். சில வாரங்களில் தானே வாசல் இறங்குவாள். பேத்தி புத்தகப் பையை எடுத்துக்கொள்வாள். வரும் சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது, ஒருவர் சொல்லக் கேட்காமல் தன் கண்ணாலேயே அவள் காண்பாள்.

9. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

(1) இந்தக் கிராமத்தில் பார்வை மங்கிய முதியோர் எத்தனை பேர்? அவர்களுக்குத் துணையாக வீட்டில் நிறுத்தப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்?

(2) சென்ற முகாமுக்கு வராதவர்கள் யார்? ஒவ்வொருவரும் சொன்ன காரணம் யாது? அவற்றில் பயத்தால் வந்தவை எவை, வேலையால் வந்தவை எவை?

(3) ஒத்திவைக்கப்பட்டுத் திரும்பியவர்களின் சர்க்கரையும் கொதிப்பும் அடங்கினவா என்று விசாரித்தவர் யார்?

(4) வேலைப் பரிமாற்றத்துக்குப் பெயர் கொடுக்கக்கூடிய அங்கத்தினர்கள் எவரெவர்?

(5) காப்பீட்டு அட்டை இல்லாத தகுதியுள்ள குடும்பங்கள் எவை? அவற்றிற்கு அட்டை பெற்றுத்தரும் பொறுப்பை எந்தத் தேதிக்குள் யார் ஏற்பது?